திருப்பித் தர வேண்டிய தேதி

புத்தகத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது.
அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை.
வில்வே ஒருமுறை கொண்டுவந்தாள்.
எண்பது பாகைச் சூட்டில் பசை இளகி
முட்டைக்கோஸ் இதழ்போல் கழன்றன பக்கங்கள்.
நாற்பத்தேழாம் பக்கம் அவள் தொடையில் ஒட்டிக்கொண்டது.
நூலகப் பிரதி. அபராதம் எழுதியவள் நான்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலங்களில்
ஹீயுமா தீவின் வடகோடிச் சவுனாவில்
ஆறு பெண்கள், மூக்குக்கண்ணாடிகூட இல்லாமல்
மரப்படிகளில் வியர்த்தபடி
அந்த வாரம் படித்ததைச் சொல்லிக்கொள்கிறோம்.
யாராவது கல்லில் தண்ணீர் விசிறினால்
சீறல் அடங்கும்வரை கதை நிற்கும்.

ஹெல்யோ படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள்.
கொலைக் கதைகள்தான். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள்.
"யார் செஞ்சான்னு தெரிஞ்சாத்தான்
அவன் சாப்பிடுறப்போ கையைக் கவனிக்கலாம்."
லெய்டாவுக்கு மூன்று மாதமாய் ஒரே புத்தகம்,
தேனீக்களைப் பற்றி, அறுநூறு பக்கம்.
தேனீயைக் கண்டால் அலறி ஓடுகிறவள்.
"எதிரியைத் தெரிஞ்சு வைக்கணும்" என்று
பிர்ச் இலைக்கொத்தால் முதுகில் அடித்துக்கொள்கிறாள்.
கிர்கேவுக்குப் பத்தொன்பது. கைப்பேசியில் கவிதை.
மனப்பாடமாய் ஒன்று தொடங்குவாள், பாதியில் மறந்துவிடும்.
மறந்த இடம்தான் நல்ல இடம் என்று
எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிறவள் நான்.
யார் எதை எடுத்தார்கள்,
எதைப் பிரிக்காமலே திருப்பினார்கள்,
எந்தப் பக்கத்தில் புகைமீன் எண்ணெய்,
எல்லாம் தெரியும். சொல்வதில்லை.

பிறகு ஔனே.
மேல்படி, சூடு அதிகமான மூலை.
"ஒரு பாறைத்தீவு. வானிலை நிலையத்துல ஒருத்தி தனியா.
தினம் காலை ஆறு மணிக்கு வானொலியில சொல்லணும்,
காத்து எவ்வளவு, அலை எவ்வளவுன்னு.
ஒரு நவம்பர்ல சலிச்சுப்போய்
இல்லாத வெயிலைச் சொல்ல ஆரம்பிக்கிறா."

முதல் வாரம் அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டாள்.
அடுத்த வாரம், கரையில் அந்த வெயிலை நம்பித்
துணி காயப்போட்டார்கள்.
அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணம் முன்கூட்டியே நடந்தது,
தோட்டத்தில், கூரை இல்லாமல்.
போன வாரம் ஏழு படகுகள் புறப்பட்டன.
ஹெல்யோவுக்குத் தாங்கவில்லை.
"கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லிடேன்."
"நானே இன்னும் அங்க போகலை" என்றாள் ஔனே.

செவ்வாய்க்கிழமை வண்டிக்குள் நான்கு பேரும் வரிசையில்.
முன்பதிவு வேண்டுமாம்.
தலைப்பு? அட்டை கிழிந்துபோச்சாம்.
எழுதியவர்? அதுவும் அட்டையோடு போச்சாம்.
தாலினில் தேடினேன், தார்த்துவில் தேடினேன்.
வானிலை என்று தட்டினால்
மேக வகைகள் பற்றிய குழந்தைப் புத்தகம் ஒன்று வந்து நின்றது.
ஔனேயின் கணக்கில் கடைசியாக இருந்தது
மார்ச்சில் எடுத்த ஜாம் செய்முறை.
மார்ச்சிலேயே திரும்பிவிட்டது.

புதன்கிழமை அவள் வீட்டுமுன் வண்டியை நிறுத்தினேன்.
செய்தித்தாள் விரித்து உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.
வானொலி கடல் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தது.
வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.
வாயில் வந்தது வேறு:

"அந்தப் புத்தகத்துக்கு நாலு பேர் காத்திருக்காங்க, ஔனே.
பதினாலாம் தேதிக்குள்ள திருப்பித் தரணும்."

தோல் பாதியில் நின்றது, அறாமல் தொங்கியது.
வானொலி அடுத்த வளைகுடாவுக்குப் போயிற்று.
பிறகு கத்தியைத் துடைத்தாள்.
தாமதமாகத் தருகிற எல்லாரும் பேசுகிற அதே கறார் குரலில்,
"இன்னும் முடிக்கலை. ஒரு மாசம் நீட்டிச்சுக் குடு" என்றாள்.

முத்திரை பையில் இருந்தது. குத்த இடம் இல்லை.
செய்தித்தாளின் ஓரத்தில் குத்தினேன்.
ஈரத்தில் தேதி கொஞ்சம் பரவிற்று.

வாசலில் செருப்பு மாட்டும்போது அடக்கமுடியவில்லை.
"ஏழு படகும்..." என்று இழுத்தேன்.

"வரிசையில நில்லு" என்றாள்.
"உனக்கு முன்னால நாலு பேர்."